அத்தியாயம் 7: செம்பனைக்குள் மறைந்த தோட்டங்கள் – ஜெஞ்சாரோம் வட்டாரம்

கிள்ளானிலிருந்து ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் தெற்கே போனால் தெலுக் பங்லிமா காராங், ஜெஞ்சாரோம், பந்திங், மோரிப் என்று ஊர்கள் வரிசையாக வரும். இரண்டு பக்கமும் செம்பனை. நடுநடுவே தொழிற்சாலைக் கூரைகள், புதிய தாமான்கள், சாலையோர வாழைப்பழக் கடைகள். ஜெஞ்சாரோமைப் பெரும்பாலோர் சீனப் புத்தாண்டு விளக்கு அலங்காரத்துக்காகத் தோங் சென் பௌத்த ஆலயத்துக்கு வருகிற ஊராகத்தான் அறிவார்கள். அந்த விளக்குகளைத் தாண்டி, கோலாலங்காட் மாவட்டத்தின் பழைய தோட்டங்களையும் இடுகாடுகளையும் ஆளில்லாக் கட்டடங்களையும் தேடிப் பார்க்க நினைப்பவர்களுக்கான அத்தியாயம் இது.

பேராக்கின் பத்து காஜாவில் உள்ள கெல்லி மாளிகை போன்ற ஒன்றை இங்கே எதிர்பார்த்து வராதீர்கள். தமிழ்த் தொழிலாளர்கள் வாழ்ந்த இடங்களில் பெரும்பாலும் பலகையும் தகரமும்தான் இருந்தன. மறுநடவு வரும்போது அவை ஒரே நாளில் போய்விடும். இடுகாடுகளில் பல மேடுகளுக்குக் கல்லே கிடையாது. அதனால் இந்த வட்டாரத்தைப் பார்க்கும் முறை வேறு: முதலில் ஆட்களைக் கேட்க வேண்டும், பிறகு மரங்களைப் பார்க்க வேண்டும், சுவர்கள் கடைசியில்தான். இந்த வரிசையை மாற்றினால் நாள் முழுக்கச் சுற்றியும் வெறும் செம்பனையைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவீர்கள்.

நிலத்தின் கதை, சுருக்கமாக

எந்தத் தடயம் எந்தக் காலத்தது என்று தெரிய, ஐந்து திருப்பங்களை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

முதலில் காப்பி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கிள்ளான், கோலாலங்காட் பகுதிகளில் லைபீரியக் காப்பி பயிரானது. பிரேசில் காப்பி சந்தையை நிரப்ப, விலை விழுந்தது. தோட்டக்காரர்கள் காப்பிச் செடிகளுக்கு நடுவிலேயே ரப்பரை நட்டார்கள். 1910-இல் ரப்பர் விலை உச்சத்துக்குப் போனபோது சிலாங்கூர்க் கடலோரம் முழுக்கப் பால்மரமாகிவிட்டது.

அடுத்து ஆட்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் முடிவுக்கு வந்தது. அதன் பிறகு, சொந்த ஊருக்குப் போய் ஆள் கூட்டி வரும் கங்காணி மூலம் ஆள் சேர்ப்பது வலுத்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கிலும், 1901-இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாமிலும் (இன்றைய போர்ட் கிள்ளான்) இறங்கினார்கள். 1938-இல் இந்திய அரசு இந்த ஆள் சேர்ப்பை நிறுத்தியது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அதை முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். அதை அடுத்து வந்த ஜப்பானியர் ஆட்சியில் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பாதவர்களுக்கு இங்கே கல் கிடையாது.

மூன்றாவது திருப்பம், கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க அறிவித்த அவசரகாலம், 1948 முதல் 1960 வரை. 1950-இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின்படி காட்டோரங்களில் சிதறிக் கிடந்த சீனக் குடும்பங்களைக் கம்பிவேலிக்குள் புதுக்கிராமங்களாகக் குடியேற்றினார்கள். ஜெஞ்சாரோம் அப்படி உருவான புதுக்கிராமங்களில் ஒன்று. தோட்டங்களிலும் இதே கதைதான். தொலைவில் இருந்த லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) கலைத்து, ஆட்களை ரப்பர் ஸ்டோர் பக்கமாகக் கூட்டி வேலி போட்டார்கள். ஒரே தோட்டத்தில் 1950-க்கு முந்தைய குடியிருப்பு ஓரிடத்திலும் பிந்தைய குடியிருப்பு இன்னோரிடத்திலும் இருப்பதற்கு இதுவே காரணம். இடுகாடு பல சமயம் பழைய லயத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். புது லயத்தைச் சுற்றித் தேடிவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்பிவிடாதீர்கள்.

நான்காவது, துண்டாடல். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்கத் தொடங்கின. அதற்கு மாற்றாகத்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 1969-க்குப் பிறகு வேலை பெர்மிட் கெடுபிடியில் குடியுரிமை இல்லாத பலர் தமிழ்நாட்டுக்கே திரும்பிப் போனார்கள். பராமரிக்க ஆளில்லாத சமாதிகளில் பல அப்படிப் போனவர்களின் உறவினர்களுடையவை.

ஐந்தாவது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இலேயே கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில் தொடங்கிவிட்டது என்றாலும், ரப்பரைப் பரவலாக வெட்டிச் செம்பனை நட்டது 1960-களுக்குப் பிறகுதான். செம்பனைக்குச் சுமார் 25 ஆண்டுக்கு ஒருமுறை மறுநடவு. அப்போது புல்டோசர் மண்ணை அடியோடு புரட்டிவிடும். வயதான, உயர்ந்த மரங்கள் நிற்கும் பகுதியை முதலில் பாருங்கள். அடுத்த மறுநடவு அங்கேதான் நடக்கும்.

புறப்படும் முன்: "நீங்க எந்தத் தோட்டம்?"

இந்த வட்டாரத்து முதியவர்களிடம் பேச்சைத் தொடங்க இந்த ஒரு கேள்வி போதும். தோட்டம் கலைந்து முப்பது ஆண்டு ஆன பிறகும் அவர்கள் அதற்குத் தோட்டப் பெயரைத்தான் பதிலாகச் சொல்வார்கள். "எத்தனாவது டிவிஷன் பாட்டி?" என்று அடுத்துக் கேளுங்கள். பதில் ஏறத்தாழ இப்படி வரும்: "மூணாவது டிவிஷன்யா. பெரட்டுக்களத்துக்குப் பின்னால எங்க லயம். கோயில் இந்தப் பக்கம், ஆயாக் கொட்டகை அந்தப் பக்கம். சுடுகாட்டுக்கு வாய்க்காலத் தாண்டித்தான் போவணும்." (பெரட்டுக்களம் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்; ஆயாக் கொட்டகை குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்.) இந்தப் பதிலிலேயே உங்களுக்கு வேண்டிய வரைபடம் இருக்கிறது. அவர் முன்னாலேயே ஒரு தாளில் கோடு போட்டு, கோயிலை நடுவில் வைத்து, மற்ற இடங்களைக் குறியுங்கள். வடக்கு தெற்கு என்று கேட்காதீர்கள். "சூரியன் எந்தப் பக்கமா எழும்பும்?" என்று கேட்டால் சரியாகக் கை காட்டுவார்கள்.

இவர்களை எங்கே பார்ப்பது? தோட்டம் போனாலும் மாரியம்மன் கோயில் பெரும்பாலும் போவதில்லை. அதன் ஆண்டுத் திருவிழாவுக்குப் பழைய தோட்டத்து ஆட்கள் கிள்ளான், ஷா ஆலம், பூச்சோங் என்று எங்கிருந்தாலும் வந்து சேர்வார்கள். தீமிதி முடிந்து சாப்பாட்டுப் பந்தி நடக்கும் நேரம் பேச்சுக்கு ஏற்றது. கோயில் தலைவரிடம் முதலில் சொல்லிவிட்டுப் பேசுங்கள். தமிழ்ப்பள்ளியின் பழைய தலைமையாசிரியர், தோட்டத்து முன்னாள் கிராணி (எழுத்தர்), தண்டலாக (வேலை மேற்பார்வையாளராக) இருந்தவர், மருந்தகத்தில் வேலை பார்த்தவர் ஆகிய நால்வரில் ஒருவர் கிடைத்தாலும் பாதி வேலை முடிந்தது. இடம்பெயர்ந்த தோட்டங்களுக்கும் இதே வழிதான். புத்ராஜெயாவுக்காகக் கலைக்கப்பட்ட பிராங் பெசார் முதலிய தோட்டங்களின் குடும்பங்களைத் தேடுகிறவர் புத்ராஜெயாவுக்குப் போய்ப் பயனில்லை. டிங்கில், தாமான் பெர்மாத்தாவுக்குத்தான் போக வேண்டும்.

தாள் ஆதாரங்களுக்குக் கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். அங்கே சிலாங்கூர்ச் செயலகக் கோப்புகளில் தோட்டங்களைப் பற்றிய கடிதங்கள், புகார்கள், சுகாதார அறிக்கைகள் உள்ளன. தோட்டத்தின் இன்றைய பெயரை மட்டும் வைத்துக்கொண்டு போகாதீர்கள். முதலாளி மாறும்போதெல்லாம் பெயரும் மாறியிருக்கும். கத்தோலிக்கக் குடும்பங்களைத் தேடுவோர், 1928-இல் கட்டப்பட்ட கிள்ளான் லூர்து மாதா ஆலயம் போன்ற பழைய பங்குகளின் ஞானஸ்நான, அடக்கப் பதிவேடுகளைப் பார்க்க அனுமதி கேட்கலாம்.

அனுமதி

தோட்டம் பார்ப்பதற்கு ஆளில்லாதது போல் இருக்கும். ஆனால் அதற்கு முதலாளி உண்டு, காவல் உண்டு. செம்பனைக் குலையும் உதிரிப்பழமும் களவு போகிற காலம் இது. அந்நிய மோட்டார் சைக்கிள் உள்ளே வந்தாலே காவலர் பின்தொடர்வார். தோட்ட அலுவலகத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: யார் வருகிறோம், எத்தனை பேர், எந்த நாள், எந்த டிவிஷன், எதற்காக. "எங்கள் தாத்தா பாட்டி இந்தத் தோட்டத்தில் அடக்கமாகியிருக்கிறார்கள், சமாதியைப் பார்க்க வேண்டும்" என்ற வேண்டுகோளை எளிதில் தட்டிக்கழிக்க மாட்டார்கள். "பழைய கட்டடங்களைப் படம் எடுக்க வேண்டும்" என்றால் மேலிடத்தைக் கேட்க வேண்டியிருக்கும்; இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே எழுதுங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். அத்துமீறி நுழைவது தண்டனைச் சட்டத்தின் 447-ஆம் பிரிவில் குற்றம். அடக்க இடத்தில் அத்துமீறி, இறந்தவர்களையோ உறவினர்களின் மனத்தையோ புண்படுத்துவது 297-ஆம் பிரிவில் தனிக் குற்றம். பழம்பொருள் என்று தோன்றும் எதையாவது மண்ணில் கண்டால், 2005-ஆம் ஆண்டுத் தேசிய பாரம்பரியச் சட்டப்படி மாவட்ட அதிகாரிக்கோ பாரம்பரிய ஆணையருக்கோ தெரிவிக்க வேண்டும். பையில் போட்டுக்கொண்டு போகக் கூடாது. டிரோன் பறக்கவிட எண்ணுபவர்கள், கேஎல்ஐஏ விமான நிலையம் பக்கத்தில் இருப்பதை மறக்க வேண்டாம். வான் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் பார்த்துவிட்டே எடுத்து வாருங்கள்.

மரத்தைப் பார்த்து லயத்தைக் கண்டுபிடிப்பது

செம்பனைக் காட்டுக்குள் நின்று சுற்றிப் பாருங்கள். தொழிலாளி வீட்டு வாசலில் வைத்த மரங்கள் வீட்டைவிட அதிகக் காலம் நிற்கும். கவனிக்க வேண்டியவை:

முருங்கை, கறிவேப்பிலை, வேம்பு. இவை மூன்றும் தோட்ட நிர்வாகம் நடுகிற மரங்கள் அல்ல. மூன்றில் இரண்டு பக்கத்துப் பக்கத்தில் நின்றால் அங்கே தமிழ்க் குடும்பம் இருந்ததென்று கிட்டத்தட்ட உறுதியாகக் கொள்ளலாம்.

வரிசையாக நிற்கும் மா, தென்னை, பலா. லயம் நீளவாக்கில் இருந்ததால் அதன் கொல்லைப்புற மரங்களும் ஒரே கோட்டில் நிற்கும். கோட்டின் ஒரு முனையில் கிணறோ குழாயடித் திண்ணையோ கிடைக்கும்.

சிமெண்டு வடிகால். கிள்ளானில் 1901-இல் மாவட்ட மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்து நீரை வடித்து மலேரியாவைக் குறைத்துக் காட்டினார். அதன் பிறகு தோட்டச் சுகாதாரம் என்றாலே வாய்க்கால் என்றாகிவிட்டது. லயத்தின் பலகை போனாலும் அதைச் சுற்றி ஓடிய சிமெண்டு வடிகால் கிடக்கும். இலைச் சருகை விலக்கினால் லயத்தின் நீள அகலமே தெரியும்.

சிமெண்டுத் தூண்கட்டைகள். முழங்கால் அல்லது இடுப்பு உயரக் கட்டைகள் ஒழுங்காக வரிசையிட்டு நின்றால் அது கால் வைத்துக் கட்டிய பழைய பலகை வீடு. தரையோடு தரையாகச் சிமெண்டுத் தளம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் பிற்காலத்தது. இரண்டு வீடுகள் ஒட்டிய தனித்தனிக் கட்டடமென்றால் இன்னும் பிந்தியது.

தனியே நிற்கும் கிழட்டுப் பால்மரம். பட்டையில் சாய்வாக இறங்கும் வெட்டுத் தழும்பைத் தடவிப் பாருங்கள். அடி மரம் பானை போல் வீங்கி, தழும்பு கரடுமுரடாக இருந்தால் பல கைகள் மாறிமாறி அந்த மரத்தில் பால் வெட்டியிருக்கின்றன. அடியில் மண்ணைக் கிளற வேண்டாம். மேலாகவே, பால் பிடித்த பீங்கான் மங்கின் உடைந்த துண்டு கிடக்கும். படம் எடுத்துக்கொண்டு அங்கேயே விட்டுவிடுங்கள்.

கம்பத்தின் மேல் மரப்பெட்டி தெரிந்தால் அது பழைய சின்னம் எதுவும் இல்லை. எலியைப் பிடிக்க ஆந்தைக்கு நிர்வாகம் வைத்த கூடு. ஆந்தைக் கூடு இருக்கிறதென்றால் அங்கே எலி உண்டு. எலி இருந்தால் பாம்பும் உண்டு.

இடுகாட்டில்

போவதற்கு நல்ல காலம் தீபாவளிக்குப் பிந்தைய வாரங்கள். தீபாவளிக்கு முன் இங்குள்ள குடும்பத்தினர் சமாதிக்குப் போய்ப் புல் வெட்டிப் படையல் வைப்பார்கள்; அதற்குப் பிறகு பாதை திறந்திருக்கும், கல் கண்ணில் படும். கிறிஸ்தவக் கல்லறைகளுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாளும், சீன இடுகாடுகளுக்கு ஏப்ரல் தொடக்கத்தில் வரும் சிங் மிங்கும் அப்படியே. படையல் நடக்கும் நாளிலேயே கேமராவோடு போய் நிற்காதீர்கள். வெயில் ஏறுமுன் காலை ஏழரைக்குத் தொடங்குவது நல்லது. சாய்வான வெளிச்சத்தில் மங்கிய எழுத்து தானாக எழும்பித் தெரியும். வெளிச்சம் நேராக விழுந்தால், ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டிலிருந்து கல்மேல் திருப்புங்கள்.

எழுத்து தெரியவில்லை என்று சுண்ணாம்புக்கட்டி, மாவு, சவர நுரை எதையும் பூசாதீர்கள். கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். நல்ல தண்ணீரும் மென்மையான நார் பிரஷும் போதும். உதிரும் கல்லாக இருந்தால் அதுவும் வேண்டாம். தாளை வைத்துத் தேய்த்துப் படி எடுக்கும் வழக்கம் பழைய சிமெண்டுப் பலகைக்கு ஆபத்து.

கல்லை வாசிக்கும் முறையை ஓர் உதாரணத்தில் பார்ப்போம். சிமெண்டுப் பலகை ஒன்றில் பெயர் அழிந்துவிட்டது. கீழே "சேலம் ஜில்லா நாமக்கல் தாலுக்கா" என்றும் "பிலவ வருஷம் தை மாதம் ௰௨" என்றும் மட்டும் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ௰ என்பது பத்து, ௨ என்பது இரண்டு. ஆகத் தேதி 12. பிலவ என்பது அறுபது ஆண்டுச் சுற்றில் 35-ஆவது. சுற்றின் முதல் ஆண்டான பிரபவ 1927-28-இல் வந்தது, அப்படியானால் பிலவ 1961-62. தமிழாண்டு சித்திரையில் தொடங்குவதால் தை, மாசி, பங்குனி மாதங்கள் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். தை 12 என்றால் 1962 ஜனவரி 25 வாக்கில். ஒரு சுற்று முந்தி, 1902-ஆக இருக்கலாமா? பலகை சிமெண்டு, பீங்கான் வட்டத்தில் புகைப்படம் பதித்த குழியும் இருக்கிறது. இவை இரண்டும் 1962-க்கே பொருந்தும். நாமக்கல் இப்போது தனி மாவட்டம், 1997 முதல். ஊரைத் தேடுகிறவர் சேலம் மாவட்ட அலுவலகத்தில் அலைய வேண்டாம்.

எழுத்தின் வடிவமும் காலம் சொல்லும். ணை, லை, னை போன்றவற்றைத் துதிக்கை போன்ற பழைய கொம்போடு செதுக்கியிருந்தால், பெரும்பாலும் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய கல். தமிழ்நாட்டில் அது 1978-இல் வந்தது. இங்கே அதற்குப் பின்னர். ஆனால் பழைய கையே செதுக்கியிருந்தால் அதற்குப் பிறகும் பழைய வடிவம் வரும். இதை மட்டும் வைத்து ஆண்டை முடிவு செய்யாதீர்கள். சித்திரபானு, சுபானு, தாரண, பார்த்திப என்ற நான்கு ஆண்டுப் பெயர்களைக் கண்டால் சற்று நின்று கவனியுங்கள். அவை 1942 முதல் 1946 வரையிலான ஆண்டுகள். சிமெண்டு கிடைக்காத அந்தக் காலத்தில் கல் வைத்திருக்கிறார்கள் என்றால் அந்தக் குடும்பத்தைப் பற்றி விசாரிக்க நிறைய இருக்கிறது.

கல்லே இல்லாத மேடுகளுக்கு வேறு அடையாளம் உண்டு. தலைமாட்டில் நட்ட குரோட்டன்ஸ் அல்லது அரளி, நீள்வட்டமாகக் கவிழ்த்துப் புதைத்த போத்தல்கள், மண்சட்டி ஓடு. இவற்றைத் தாண்டிக் கால் வைக்காதீர்கள். செம்பனை வரிசை ஓரிடத்தில் காரணமில்லாமல் விலகி வளைந்தால், நட்டவர்கள் எதையோ ஒதுக்கிவிட்டு நட்டிருக்கிறார்கள். அங்கே போய்ப் பாருங்கள்.

மலாய்க் கல்லறைகளில் பொதுவாக உருண்டைக் கல் ஆணுக்கு, தட்டைக் கல் பெண்ணுக்கு. நெருங்கிப் படம் எடுக்கும் முன் பள்ளிவாசல் பொறுப்பாளரைக் கேளுங்கள். கேரித் தீவில் பழங்குடியினரான மா மெரி மக்களின் கல்லறைப் பக்கம் அவர்கள் அழைக்காமல் போகவே வேண்டாம்.

கட்டடங்களுக்குள்

ரப்பர் ஸ்டோர், புகைக்கூடம், மருந்தகம், கிராணி வீடு, துரை பங்களா, கள்ளுக்கடை: தோட்டத்தில் நின்று மிஞ்சுபவை இவைதான். வெளியிலிருந்து பார்ப்பதே விதி. உள்ளே போவது விதிவிலக்கு. பலகைத் தளத்தைக் கறையான் தின்றிருக்கும். மேலே பார்த்து நடப்பவர் கீழே விழுவார். பழைய அலை அலையான கூரைத் தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்; உடைந்த தகட்டை மிதிக்கவும் நகர்த்தவும் கூடாது. வௌவால் எச்சம் குவிந்த அறையில் முகக்கவசம் இல்லாமல் நுழையாதீர்கள். புல்மூடிய பழைய கிணறுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. கையில் நீளக் கழியோடு, முன்னால் தட்டிப் பார்த்து நடங்கள்.

ஜெஞ்சாரோமுக்கென்றே ஓர் எச்சரிக்கை. 2018 ஜனவரியில் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவை வாங்க மறுத்ததும், அந்தக் குப்பை மலேசியப் பக்கம் திரும்பியது. ஜெஞ்சாரோமில் உரிமமில்லாத மறுசுழற்சி ஆலைகள் முளைத்தன. இரவில் எரித்த பிளாஸ்டிக் புகையால் ஊர்மக்கள் அவதிப்பட்டுப் புகார் செய்தார்கள். அதிகாரிகள் பல ஆலைகளை மூடினார்கள். செம்பனைக்கு நடுவே தகர வேலிக்குள் ஆளில்லாத கூடாரத்தைக் கண்டால் அது பழைய ஸ்டோராக இருக்க வேண்டியதில்லை. எரிந்த பிளாஸ்டிக் கட்டி, நிறம் மாறிய தேங்கிய நீர், ரசாயன நாற்றம், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் திரும்பிவிடுங்கள்.

எடுத்துப்போக வேண்டியவை: முழுக்கை, முழுக்கால் உடை, முழங்காலளவு ரப்பர் பூட்ஸ், கண்ணாடி, கையுறை, கொசு மருந்து, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், டார்ச், அளவுகோல். நாகப்பாம்பில் சில இனங்கள் விஷத்தைக் கண்ணை நோக்கித் துப்பும். பட்டால் தேய்க்காமல் சுத்தமான நீரால் நிறையக் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கடித்தால் கீறுவதும் உறிஞ்சுவதும் கூடாது. கடிபட்ட அங்கத்தை அசைக்காமல் வைத்து 999-க்கு அழையுங்கள். பந்திங் மருத்துவமனையும் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையும் இந்த வட்டாரத்துக்கு எட்டும் தூரத்தில் உள்ளவை. தேங்கிய நீரில் வெறுங்காலோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். போய் வந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால், தோட்டத்துக்குள் போனதை மருத்துவரிடம் சொல்லுங்கள். தனியாகப் போகாதீர்கள். பிற்பகல் இடிமழை தொடங்குமுன் செம்பனையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

ஒரு நாள் வழி

அனுமதிக் கடிதம் இல்லாதவர்களும் பார்க்கக்கூடிய வழி இது. காலையில் கிள்ளான். 1892 முதல் இருந்துவரும் சுந்தரராஜப் பெருமாள் கோயிலைப் பார்த்துவிட்டு, சிம்பாங் லீமா மயானத்துக்குப் போங்கள். நகரத் தமிழர்களின் சமாதிகளை அங்கே பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொண்டால், தோட்டத்து இடுகாட்டில் எது இல்லை என்பது பளிச்சென்று தெரியும்.

அங்கிருந்து தெலுக் பங்லிமா காராங் வழியாகக் கேரித் தீவு. இலங்கையில் காப்பி பயிரிட்டுவிட்டு இங்கே வந்த எட்வர்டு வாலண்டைன் கேரியின் பெயர் தாங்கிய தீவு. இப்போது பெரும்பகுதி செம்பனை. கடல்நீரைத் தடுக்கும் மண்கரைகளையும் மதகுகளையும் பொதுச் சாலையிலிருந்தே பார்க்கலாம். கடல் மட்டத்துச் சேற்று நிலத்தில் இந்தக் கரைகளும் வாய்க்கால்களும் இல்லாமல் தோட்டமே இல்லை. அவற்றை வெட்டி எழுப்பிய உழைப்புக்குத் தனி நினைவுச் சின்னம் தேட வேண்டியதில்லை.

மதியம் ஜெஞ்சாரோம் புதுக்கிராமத்தில் சாப்பாடு. குறுகிய மனைகள், நேர்கோட்டுச் சந்துகள். வேலி இருந்த காலத்தின் அமைப்பு இன்னும் மாறவில்லை. மாலையில் பந்திங் தாண்டி ஜுக்ரா. 1857 முதல் 1898 வரை ஆண்ட சுல்தான் அப்துல் சமாதின் அடக்கத்தலம் அங்கே குன்றில் இருக்கிறது. கீழே 1905-ஐ ஒட்டிய பண்டார் அரண்மனையும் பள்ளிவாசலும். இவை அரசு காக்கும் சின்னங்கள். ஒரே மாவட்டத்தில், ஒரே காலத்தில், யாருடைய கட்டடம் நின்றது, யாருடைய கட்டடம் நிற்கவில்லை என்பதை ஒரே நாளில் பார்த்துவிடலாம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலும் இதே கணக்குதான்: விவேகானந்த ஆசிரமம் போராட்டத்தால் நின்றது, ரயில்வே தொழிலாளர்களுக்காக 1905-இல் கட்டிய நூறு வீடுகள் போய்விட்டன.

பதிவும் அதன் பயனும்

ஒவ்வொரு சமாதிக்கும் நான்கு விவரம் போதும்: கல்லில் உள்ளது உள்ளபடி (பிழையைத் திருத்தாமல்), ஜிபிஎஸ் இடம், அளவுகோலோடு முழுப் படம் ஒன்று, எழுத்து தெரியும் கிட்டப் படம் ஒன்று. வாய்மொழிச் செய்திக்குச் சொன்னவர் வயது, தோட்டம், டிவிஷன், சொன்ன தேதி. உயிரோடு இருப்பவர்களின் பெயரையும், இருபது முப்பது ஆண்டுக்குள் அடக்கமானவர்களின் படத்தையும் குடும்பத்தைக் கேட்காமல் இணையத்தில் போடாதீர்கள். தனித்து நிற்கும் இடங்களின் துல்லியமான இடக்குறியைப் பொதுவில் போட்டால் இரும்பு பொறுக்குவோரும் பேய் தேடுவோரும் உங்களுக்கு முன் போய்விடுவார்கள்.

பதிவின் மூன்று படிகள்: ஒன்று தோட்டத்துக் கோயில் நிர்வாகத்திடம், ஒன்று அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியில், ஒன்று உங்களிடம். கோயிலிடம் இருப்பதுதான் முக்கியம். நிலம் கைமாறி மேம்பாட்டுக்குப் போகும்போது, சமாதிகளை அகற்றப்போவதாகவும் உரிமையாளர்கள் குறித்த தேதிக்குள் வரவேண்டும் என்றும் நாளிதழில் அறிவிப்பு வரும். அந்தச் சிறு விளம்பரத்தை ஜொகூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பேரப்பிள்ளைகள் பார்ப்பதில்லை. உங்கள் பட்டியல் கோயிலில் இருந்தால், தலைவர் அதை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு குடும்பமாகத் தொலைபேசியில் கூப்பிட முடியும். மாவட்ட அலுவலகத்தில் "இங்கே சமாதியே இல்லை" என்று யாராவது சொன்னால் எண்ணிக்கையோடு பதில் சொல்லவும் முடியும். கல்லில்லாத மேடுகளையும் எண் போட்டுப் பட்டியலில் சேருங்கள். பெயர் தெரியாவிட்டாலும் எண் இருந்தால்தான் அவையும் கணக்கில் வரும்.